அதே எல்பி, வேறு உப்பு: புது நாட்டு பயோஃபிலிம் லேபில் முதல் மாதங்கள்

பரப்பில் ஒட்டிக் கிருமிகள் கட்டும் படலம்தான் பயோஃபிலிம். அது எவ்வளவு என்று காட்டும் ஊதாச் சாயம் கிரிஸ்டல் வயலட். ஊரில் இரண்டு வருடம் பிசகாமல் வந்த கிரிஸ்டல் வயலட் அளவு, புது நாட்டு லேபில் முதல் வாரமே பாதியாக இறங்கலாம். சிலருக்கு இரண்டு மடங்காக ஏறும். கை கெட்டுவிட்டதோ என்று பயந்து, ராத்திரி பகலாக அதே பரிசோதனையைத் திரும்பத் திரும்பப் போடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் கை கெட்டிருக்காது. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பதுதான் பயோஃபிலிம் வேலையில் முதல் மூன்று மாதத்தைத் தின்கிறது. விசா, வீடு, வங்கிக் கணக்கு பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். பெஞ்சில் என்ன காத்திருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

கிருமி வளர்க்கும் எல்பி மீடியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம். சிக்கல் உப்பில். டப்பாவில் மில்லர் என்றிருந்தால் உப்பு 10 கிராம், லெனாக்ஸ் என்றால் 5, லூரியா என்றால் வெறும் 0.5. பேச்சில் மூன்றுக்கும் எல்பி என்றுதான் பெயர். ஈ.கோலை ஒட்டிக்கொள்ள உதவும் கர்லி என்ற புரத இழைகள் உப்பு குறைந்த மீடியாவில், 30 டிகிரிக்குக் கீழேதான் நன்றாக வரும். மில்லர் எல்பியில் 37 டிகிரியில் வளர்த்துவிட்டு, அந்த இழைகளைப் பிடிக்கும் காங்கோ ரெட் சாயத் தட்டில் சிவப்பு ஏறவில்லையே என்று மரபணுவைச் சந்தேகிப்பது வீண் வேலை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை குளுக்கோஸில் வரும். அதை வளர்க்கும் டிஎஸ்பி (டிரிப்டிக் சோய் பிராத்) மீடியாவில் ஏற்கெனவே லிட்டருக்கு 2.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. "0.5 சதவீத குளுக்கோஸ்" என்று பழைய நோட்டில் எழுதியது மொத்தமா, மேலே சேர்த்ததா? கிளம்புவதற்கு முன் பழைய லேபில் யாரிடமாவது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்த பிறகு கேட்டால் அவர்களுக்கும் மறந்திருக்கும்.

சென்ட்ரிஃபியூஜுக்கும் இதே கதைதான். 5000 ஆர்பிஎம் என்று மட்டும் குறித்து வந்திருந்தால் அதற்கு அர்த்தமில்லை. ரோட்டரின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் அது சுமார் 2800 ஜி (புவியீர்ப்பின் மடங்கு), 16 சென்டிமீட்டர் என்றால் சுமார் 4470 ஜி. ஆரத்தை சென்டிமீட்டரில் வைத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.00001118 ஆல் பெருக்கினால் ஜி வந்துவிடும். கல்ச்சரில் கிருமி எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஓடி 600 அளவையும் அப்படியே நம்பக் கூடாது. கலங்கலில் ஒளி சிதறுவதைத்தான் அந்தக் கருவி அளக்கிறது. கருவியின் உள்ளமைப்பு மாறினால் எண்ணும் மாறும். பழைய லேபின் 0.5 இங்கே 0.5 ஆக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வந்த வாரமே ஒருமுறை நீர்த்து, தட்டில் பரப்பி, காலனிகளை எண்ணி, இந்தக் கருவியின் 0.5 என்றால் மில்லிலிட்டருக்கு எத்தனை உயிரணு என்று குறித்து வைத்தால் பல மாதத் தலைவலி மிச்சம்.

அடுத்தது ஸ்ட்ரெயின், அதாவது ஒரே கிருமி இனத்துக்குள் ஒரு தனி வகை. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் உலகமே புழங்கும் பிஏஓ1, 1954ல் மெல்பர்னில் ஒரு புண்ணிலிருந்து எடுத்த கிருமியின் வழிவந்தது. அன்றிலிருந்து கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு லேபின் பிஏஓ1ம் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனி வழியில் போய்விட்டது. மரபணு வரிசையிலேயே அந்த வேறுபாடு தெரியும். அதே இனத்தின் மற்றொரு ஸ்ட்ரெயினான பிஏ14 இன்னும் தள்ளி நிற்கிறது. அதற்கு பிஎஸ்எல் என்ற பாலிசாக்கரைடைச் செய்யவே தெரியாது, பெல் என்ற மற்றொன்றை நம்பித்தான் படலம் கட்டும். பிஏஓ1ல் பெரிய பங்கு பிஎஸ்எல்லுக்கு. எனவே ஒன்றில் கிடைத்த முடிவை மற்றதில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். மீண்டும் மீண்டும் புது மீடியாவுக்கு மாற்றிச் சப்கல்ச்சர் செய்தால், கிருமிகள் ஒன்றுக்கொன்று சைகை காட்ட உதவும் லாஸ்ஆர் மரபணு கெட்ட வகை தலைதூக்குவதும் சகஜம். தட்டைச் சாய்த்துப் பார்த்தால் காலனி மேல் உலோகப் பளபளப்பு தெரிந்தால் அதுவாக இருக்கலாம். அந்தத் தட்டை விட்டுவிட்டு ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் புதிதாக ஸ்ட்ரீக் செய்யுங்கள், அதாவது தட்டில் கோடாக இழுத்து வளர்த்தெடுங்கள்.

பழைய ஸ்ட்ரெயின்தான் வேண்டும் என்றால் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். ஒரு சின்னக் குழாய்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்ற யோசனையில் விசாவும் வேலையும் போகக்கூடும். முறையான வழி மெதுவானது: இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், அனுப்பும் நாட்டின் அனுமதி, பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி, பிறகு மூன்றடுக்குப் பொதி. நோய்க்கிருமிகளில் பி வகைக்கு வெளிப்பெட்டியில் யூஎன்3373 என்ற குறி, உலர்பனி வைத்தால் கூடவே யூஎன்1845. இதற்கு மாதக் கணக்கில் ஆகும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நிறுவனம்தான், நீங்களோ உங்கள் பேராசிரியரோ அல்ல. வேலையில் சேர்ந்த முதல் நாளே கேட்டு ஆரம்பித்துவிடுங்கள்.

இனி கிரிஸ்டல் வயலட். 1998ல் ஓ'டூலும் கோல்ட்டரும் இந்தத் தட்டு முறையை வைத்துத்தான் ஒட்ட முடியாத மியூட்டன்ட்களைப் பிடித்தார்கள். அவற்றுக்கு அவர்கள் இட்ட சுருக்கப் பெயர் 'சாட்' (sad: surface attachment defective). ஒட்ட முடியாத கிருமிக்குச் சோகம் என்று பெயர்! செய்முறை எளிது. ராத்திரி முழுக்க வளர்த்த ஓவர்நைட் கல்ச்சரை 100ல் ஒரு பங்காகப் புது மீடியாவில் கலந்து, 96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர். அசைக்காமல் 24 மணி நேரம். குழியில் உள்ளதைக் கொட்டிவிட்டு, தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு முறை முக்கி எடுங்கள். 0.1 சதவீதச் சாயம் 125 மைக்ரோலிட்டர், 10 முதல் 15 நிமிடம். மூன்று நான்கு முறை கழுவி, தாள் துண்டில் தலைகீழாகத் தட்டிக் காயவையுங்கள். காய்ந்ததும் 30 சதவீத அசிட்டிக் அமிலம் 125 மைக்ரோலிட்டர் விட்டு 10 நிமிடத்துக்கு மேல் வைத்து, புதிய தட்டையான அடிப்பாகத் தட்டுக்கு மாற்றி 550 நானோமீட்டரில் படியுங்கள். பிளாங்காக (ஒப்பிடும் வெற்று அளவாக) அதே அசிட்டிக் அமிலம்.

கல்ச்சர் 100, சாயம் 125 என்று ஏன்? பிஏ14 போன்றவை காற்றும் திரவமும் சந்திக்கும் விளிம்பில், ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில், ஊதா வளையமாக ஒட்டும். சாயம் கல்ச்சர் மட்டத்துக்கு மேலே ஏறவில்லை என்றால் அந்த வளையமே சாயம் பிடிக்காது. புது லேபில் குழிக்கு 150 கல்ச்சர் போடும் பழக்கம் இருந்து, சாயத்தை மட்டும் பழைய 125லேயே நிறுத்தினால் அளவு பாதியாகக்கூட விழலாம். முதல் வாரத்துப் 'பாதி'க்கு இதுவே காரணமாக இருந்தது என்று பின்னால் தெரியவரும் சம்பவங்கள் நிறைய.

கழுவுவதில் ஆளுக்கொரு கை. தட்டைத் தொட்டியில் தட்டையாக அழுத்தினால் குழிக்குள் காற்று சிக்கி, சில குழிகள் கழுவாமல் தப்பிக்கும். ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கினால் காற்று வெளியேறும். குழாயைத் திறந்து நேராகத் தண்ணீர் பீய்ச்சினால் வளையமே பெயர்ந்துவிடும். மேலே மிதக்கும் பெல்லிக்கிள் என்ற படலம், கல்ச்சரைக் கொட்டும்போது கிழிந்து குழியின் சுவரில் விழுந்தாலும் தொல்லை, அந்தக் குழி மட்டும் எகிறும். அதனால்தான் ஒரு ஸ்ட்ரெயினுக்கு மூன்று குழி போதாது, குறைந்தது ஆறு அல்லது எட்டுக் குழி வையுங்கள். ஓரத்துக் குழிகள் ஆவியாகும். வறண்ட குளிர்கால வெப்பமூட்டியின் காற்றில் இது இன்னும் மோசம். ஓரங்களில் தண்ணீர் மட்டும் நிரப்பி, தட்டை ஈரத்தாள் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். தட்டின் பிளாஸ்டிக்கும் விட்டுவைக்காது. செல் வளர்ப்புக்காக மேற்பரப்பைப் பதப்படுத்திய பாலிஸ்டைரீன், பதப்படுத்தாதது, பிவிசி மூன்றிலும் ஒட்டும் அளவு வேறு. நோட்டில் நிறுவனத்தின் பெயரோடு கேட்டலாக் எண்ணும் இருக்கட்டும். 550ல் எண் 3ஐத் தாண்டினால் அதை நம்ப வேண்டாம், நீர்த்துப் படியுங்கள்.

ஆபத்தான ஒரு விஷயம். அசிட்டிக் அமிலத் தட்டை நேராகப் பிளீச் தொட்டியில் கவிழ்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். பிளீச் ஊற்றிய கழிவை ஆட்டோகிளேவில் வைப்பதும் அப்படித்தான். கழிவுப் பைகளின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும், பழைய நினைவில் போட்டுவிடாதீர்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் ஆரியஸும் பொதுவாக இரண்டாம் நிலைப் பாதுகாப்பில் கையாளப்படுபவை. பயிற்சியும் கையெழுத்தும் முடியாமல் பிபெட்டைத் தொட விடமாட்டார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அனுபவம் பத்து வருடம் என்றாலும் அதே வரிசைதான்.

மீடியா ஓடிக்கொண்டே இருக்கும் சிறு அறையில் படலம் வளர்க்கும் ஃபிளோ செல் வேலைக்குப் போனால் முதல் எதிரி காற்றுக்குமிழி. வளர்ந்து நிற்கும் படலத்தை ஒரு குமிழி அப்படியே வழித்துக்கொண்டு போகும். குமிழிப் பொறி வையுங்கள். மீடியாவை முன்கூட்டியே அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள், குளிர்ந்த மீடியா சூடாகும்போதுதான் காற்றைக் கக்கும். கிருமியை உள்ளே செலுத்தும் முன், மீடியா வரும் பக்கத்துக் குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி எதிர்நீச்சல் போட்டு மீடியா புட்டிவரை போய்விடும். செலுத்திய பின் ஓட்டத்தை நிறுத்தி, கவர்ஸ்லிப் கீழே வரும்படி கவிழ்த்து ஒரு மணி நேரம் ஒட்டவிடுங்கள்.

படலத்தை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் பொதுக் கருவி. பதிவு செய்த நேரத்துக்கு வராவிட்டாலும் கட்டணம் உங்கள் குழுவின் கணக்கில் ஏறும். பச்சை சைட்டோ9, சிவப்பு புரோப்பிடியம் அயோடைடு இரண்டையும் வைத்து உயிரோடு இருப்பது, செத்தது என்று பிரிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பயோஃபிலிமின் மேட்ரிக்ஸில் (கிருமிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசையில்) உயிரணுவுக்கு வெளியே டிஎன்ஏ கிடக்கிறது, சிவப்புச் சாயம் அதையும் பிடிக்கும். செத்தவை மிகையாகத் தெரியும். தட்டில் எண்ணிய காலனிகளையும் சேர்த்துக் காட்டாத படத்தை லேப் மீட்டிங்கில் யாராவது கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

அந்த மீட்டிங் பற்றி. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிட்டுவிடுங்கள். 'சார்' வாயில் நிற்கும், சில வாரம் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும். வராத முடிவையும் காட்டுங்கள். பிளாங்க் எங்கே, எத்தனை குழி, எத்தனை தனித்தனி நாள் என்று முதலில் கேட்பார்கள். கேள்வி கிருமியைப் பற்றியது, உங்களைப் பற்றியது அல்ல. எட்டுக் குழியை எட்டு முறை செய்ததாகக் காட்டினால்தான் சங்கடம். அவை ஒரே நாளின் பிரதிகள். தனி ஓவர்நைட்டிலிருந்து, தனி நாளில் செய்ததுதான் இன்னொரு முறை. லேப் வேலைப் பட்டியலில் மீடியா காய்ச்சுவதோ ஆட்டோகிளேவோ உங்கள் பெயரில் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். புதிதாக வந்தவர் மீது நம்பிக்கை வளர்வது அங்கேதான், பேப்பர் பட்டியலில் அல்ல.

ஃப்ரீசரில் உங்கள் ஸ்டாக்குகளை 20 சதவீத கிளிசரால் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழாய், இரண்டு தனி மைனஸ் 80 ஃப்ரீசரில் வையுங்கள். மூடியில் எண், பக்கத்தில் ஸ்ட்ரெயின், பிளாஸ்மிட், தேதி. ஆல்கஹால் பட்டாலும் அழியாத லேபிள். பெட்டியில் எந்தக் கட்டத்தில் எது என்ற பட்டியல் லேபின் பொதுக் கோப்பில் இருக்க வேண்டும், உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் போதாது. அதைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவர் உங்கள் பிஏ14ஐ எடுத்து ஸ்ட்ரீக் செய்வார்.