வெயிலையும் கண்ணையும் பிரித்தறியாத பாலிமர்

கண்ணில் விடும் சொட்டு மருந்தில் 5 சதவீதம் உள்ளே போனாலே அதிகம். மீதி கன்னத்தில் வழியும், இல்லையென்றால் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கிவிடும். கண் அழுத்த நோய்க்கு ஆயுள் முழுக்கச் சொட்டு விடுபவர்களை நினைத்தால் இது சின்ன நஷ்டமில்லை. பாட்டிலில் நீர்மமாக இருந்து, கண்ணைத் தொட்டதும் ஜெல்லாகி அங்கேயே தங்கும் மருந்தைத் தயாரிப்பதுதான் ஃபார்முலேஷன் லேபில் எங்கள் பிரிவின் வேலை.

முதலில் எடுத்தது போலக்ஸமர் 407. சூடேறினால் இறுகும் ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள். ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விட்டால், காலையில் நுரையெல்லாம் அடங்கித் தெளிந்திருக்கும். பிறகு காந்தத் துண்டைப் போட்டு, சுழலவிட்டபடியே மெல்லச் சூடேற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் துண்டு தடுமாறும், திணறும், அப்படியே நின்றுவிடும். கரைசல் பார்வைக்கு அதே தெளிவோடுதான் இருக்கும். பீக்கரைச் சாய்த்தால் அசையாது. சூடு ஏறியதும் மூலக்கூறின் நடுப்பகுதி தண்ணீரை உதறிவிடுகிறது. அதனால் மூலக்கூறுகள் சிறு உருண்டைகளாகத் திரண்டு நெருக்கியடித்து நிற்கின்றன. குளிரவைத்தால் மறுபடி தண்ணீராக ஓடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

கண்ணின் மேற்பரப்பு சுமார் 34 டிகிரி. அப்போ அந்தச் சூட்டில் இறுகினால் போதுமே என்று தோன்றும். ஆனால் கண்ணில் ஏற்கெனவே கண்ணீர் இருக்கிறது. அது கலந்து கரைசல் நீர்த்ததும், இறுகும் வெப்பநிலை மேலே போய்விடும். அதை ஈடுகட்ட, பாட்டிலில் இருக்கும் மருந்து 34 டிகிரியைவிடக் குறைந்த சூட்டிலேயே இறுகும்படி செய்தாக வேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரிக்குள் என்ன சூடு இருக்கும்? மருந்து பாட்டிலுக்குள்ளேயே ஜெல்லாகிவிடும். அழுத்தினால் சொட்டு விழாது. சூடு கண்ணிலிருந்து வந்ததா வெயிலிலிருந்து வந்ததா என்பது பாலிமருக்குத் தெரியாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த போலக்ஸமர் 188 சேர்த்து, இறுகும் வெப்பநிலையை நகர்த்தலாம். ஆனாலும் இடைவெளி மிகக் குறுகியது. ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று லேபிளில் அச்சிடுவது சுலபம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுப் பாட்டி என்ன செய்வார்?

அதனால்தான் நான் ஜெல்லன் கம் பக்கம் சாய்ந்தேன். பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து எடுக்கும் இந்தப் பொருள், கண்ணீரில் உள்ள சோடியம் போன்ற அயனிகளைச் சந்தித்ததும் இறுகும். அலமாரிச் சூடு அதை இறுக்குவதில்லை. புதுமையும் இல்லை: கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலாலை இதில் கலந்த மருந்து 1990களிலிருந்தே பயன்பாட்டில் உண்டு. சாதாரண டிமோலாலை வழக்கமாக இரண்டு வேளை விடுவார்கள். இதை ஒரு வேளை விட்டால் போதும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வெப்பத்துக்கு இறுகும் பாலிமர்களுக்குக் கிடைக்கும் மவுசு இதற்குக் கிடைக்காதது எனக்கு வருத்தம்தான்.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. பாட்டிலுக்குள் உப்பு அதிகமானால் அங்கேயே கெட்டிப்படும் என்பதால், கண்ணீரின் அடர்த்திக்கு ஈடாக்க உப்புக்குப் பதில் மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளைச் சேர்க்கிறோம். விடும் முன் மூடிய பாட்டிலைத் தலைகீழாக்கி ஒருமுறை குலுக்க வேண்டும். விட்டபின் கொஞ்ச நேரம் பார்வை மங்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். அதனால் மருந்தோடு தரும் தாளில் இந்த இரண்டையும் பெரிய எழுத்தில், தமிழில், முதல் வரியிலேயே போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.