நிற்கிற குதிரைக்குத்தான் டாக்டர் வருவார்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்குவது சுலபம். வாங்கிவந்த பிறகு அதற்கு டாக்டர் பிடிப்பதுதான் வேலை. கோபிசெட்டிபாளையம் பக்கம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் டாக்டர் பஞ்சமே இல்லை. நான் ஓட்டிவந்ததோ மார்வாரி இனப் பெட்டைக் குதிரை. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும், பார்க்க அத்தனை லட்சணம். ஆனால் கயிறைப் பிடித்து நடத்தினால் தோளால் ஆளை இடித்துக்கொண்டு முந்தும்; பின்காலில் கை பட்டால் உதறும்.

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தக டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மாடுன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்துடுவேனுங்க. குதிரை எப்பவாவதுதான் பாக்கறேன். இது நிக்கவும் மாட்டேங்குது. நிக்கப் பழக்கிட்டுச் சொல்லுங்க, தடுப்பூசி நானே போடறேன். பெரிய கோளாறுன்னா நாமக்கல் வெட்னரி காலேஜுக்கு ஏத்திட்டுப் போயிடுங்க."

இப்படிச் சொல்பவரைத்தான் நம்பலாம். மாட்டு வைத்தியத்தை அப்படியே குதிரைக்குச் செய்தால் சில இடங்களில் உயிருக்கே ஆபத்து. வயிறு உப்பினால் மாட்டுக்கு மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டுவார்கள். குதிரைக்கு அப்படி ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பை நிரம்பி வலியில் புரளும்போது மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். அதனால் யாரிடம் பேசினாலும் என் முதல் கேள்வி, "குதிரைக்கு மூக்குல விடற குழாய் வெச்சிருக்கீங்களா டாக்டர்?" என்பதாக ஆகிவிட்டது. பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொண்டார்கள். (கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கிற மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும். மூட்டையைக் குதிரைக்கு எட்டாமல் வையுங்கள்.)

கடைசியில் சரியான டாக்டரைக் காட்டியவர் லாடம் அடிக்கிற அண்ணன். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வருவார். ரேக்ளாக் குதிரை, கல்யாண ஊர்வலக் குதிரை என்று எல்லா லாயத்திலும் கால் வைத்தவர். "யாரு ஊசி போட்டப்புறம் குதிரை மறுபடி அவரக் கண்டு மிரளலையோ, அவருதான் தம்பி டாக்டரு" என்று சொல்லி, ஈரோட்டுப் பக்கத்தில் ஒருவருடைய நம்பரைக் கொடுத்தார். அந்த டாக்டர் போனிலேயே கேட்டது: "காய்ச்சல் பாக்க வாலைத் தூக்கி ஆசனவாயில தெர்மாமீட்டர் வைக்க விடுமா? தாடைக்கடியில நாடி பிடிக்க விடுமா?" இரண்டுக்கும் விடாது. அப்படியென்றால் ராத்திரியில் வலி வந்தால் போனில் அவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? ஓய்வாக நிற்கிற வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் சூடு ஏறத்தாழ 99.5 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த மூன்றையும் சொன்னால்தான், உடனே கிளம்ப வேண்டுமா காலையில் வந்தால் போதுமா என்று அவர் முடிவு செய்வார்.

சரி, பழக்குவோம் என்று இறங்கினேன். முதலில் இடிக்கிற பழக்கம். முந்தும்போதெல்லாம் நின்று, தலைக்கயிற்றை மூக்குப் பக்கமாக லேசாகப் பின்னுக்கு அழுத்துவேன். ஒரு கால் பின்னால் வைத்ததும் அந்த நொடியே தளர்த்திவிடுவேன். அழுத்துவதில் ஒன்றுமில்லை, விடுகிற நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் தாமதித்தால், எதற்கு விட்டோம் என்று அதற்குப் புரியாது. ஆனால் கயிறைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும். கையிலிருந்து வெல்லம் கொடுப்பதையும் நிறுத்தினேன், பையை முகர்ந்து கடிக்க ஆரம்பித்திருந்தது.

பின்காலுக்குக் கையைக் கொண்டு போகவில்லை. நீளக் கம்பின் நுனியில் பழைய துண்டைக் கட்டி, முதுகிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து முழங்காலுக்கு என்று தடவினேன். உதறும்போது கம்பை எடுத்தால், உதறினால் இது போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். அதனால் அப்படியே வைத்திருந்து, கால் தரையில் அமைதியாக நின்றதும் எடுத்தேன். இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஊசிக்கு முன்தயாரிப்பாகக் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பிடிப்பதும், அசையாமல் நின்றதும் விட்டுவிடுவதும் தினசரி வேலையானது. நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது என்பதால், பக்கவாட்டில் குரல் கொடுத்துக்கொண்டே போவேன்.

அப்புறம் ஒரு நாள் ஊர் டாக்டரையே கூப்பிட்டேன். டெட்டனஸ் ஊசிதான், குதிரைக்கு அந்த நோய் சுலபமாகத் தொற்றும், ஒரு சின்ன ஆணிக் குத்து போதும். அவர் கழுத்தைத் தடவி, கிள்ளி, போட்டுவிட்டார். குதிரை காதை மட்டும் பின்னுக்குச் சாய்த்தது. "அட, மாட்டை விடப் பரவால்லைங்க" என்று சிரித்துக்கொண்டே, நாலு வாரம் கழித்து அடுத்த டோஸ் என்று எழுதிக் கொடுத்தார். ஈரோட்டு டாக்டரும் வந்து பல் பார்த்துப் போனார்.

இப்போது டெம்போவில் ஏறப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், நாமக்கல் போக வேண்டி வந்தால் அன்றைக்குப் போய்க் கற்றுக்கொடுக்க முடியாதே. ஏறிவிடுகிறது. இறங்கத்தான் மாட்டேன் என்கிறது.