எட்டு மாதம், 42 புத்தகங்கள்: புதிய எழுத்தாளர்களைத் தேடிப் பார்த்த அனுபவம்

பிடித்த எழுத்தாளர் எழுதிய எல்லாவற்றையும் படித்துத் தீர்த்துவிட்டால் எப்படி இருக்கும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பத்துப் பக்கங்களை மிச்சம் வைத்து இரண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன். எனக்கு அப்படி நான்கு பேர் இருந்தார்கள். நால்வரும் தீர்ந்துபோனார்கள். திரும்பப் படித்தேன், அது தனிச் சுகம்தான். ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் படிக்கும்போது வருகிற படபடப்பு அதில் இல்லை.

சரி, புதியவர்களைப் பார்ப்போம் என்று ஐந்து புத்தகங்கள் எடுத்தேன். ஐந்தும் பாதியில் நின்றன. வாசிப்பே என்னை விட்டுப் போகிறதோ என்ற பயம் வந்தது. நாற்பது வருடப் பழக்கம், சாதாரண பயமில்லை. அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். எந்தப் புத்தகம், அதை எந்த வழியாகக் கண்டேன், எத்தனையாவது பக்கத்தில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன். இவ்வளவுதான் குறிப்பு. எட்டு மாதமாக விடாமல் எழுதி வருகிறேன்.

முதல் ஆறு வாரம் இணையக் கடைகள் காட்டிய பட்டியல்களையும் அதிகம் விற்றவை வரிசையையும் நம்பினேன். 9 புத்தகங்கள் எடுத்து 1 தான் முடித்தேன். ஏன் இப்படி என்று யோசித்தபோது காரணம் பிடிபட்டது. 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று வருகிற பரிந்துரை, நிறையப் பேர் ஏற்கெனவே வாங்கிய புத்தகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. நூறு பேர் மட்டும் படித்த ஒரு நல்ல நாவலைப் பற்றி அந்தக் கணக்குக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் தெரிந்த பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். நான் தேடியது தெரியாத பெயர்களை.

நட்சத்திர மதிப்பெண்ணும் உதவவில்லை. ஆனால் அதே இடத்தில் வேறொன்று உதவியது: இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதிய குறைகள். ஐந்து கொடுத்தவர்கள் 'அருமை' என்று முடித்துவிடுகிறார்கள். குறைப்பட்டவர்கள்தான் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறார்கள். 'நூறு பக்கமாக மழையும் வயலும்தான், கதை நகரவே இல்லை' என்று ஒருவர் அலுத்துக்கொண்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. அப்படிப்பட்ட புத்தகம்தான் எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டாம் மாதத்தில் செய்த ஒரு பயிற்சிதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர், வாசகர் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்கிறார்: கதை, பாத்திரம், களம், மொழி. கீழே வைக்க முடியாமல் படித்தேன் என்றால் கதை வாசல். அந்த மனுஷியை எனக்கு நேரில் தெரியும் போலிருக்கிறது என்றால் பாத்திர வாசல். அந்த இடத்திலேயே இருந்தேன் என்றால் களம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன் என்றால் மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், அளவுதான் மாறும்.

வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த 20 புத்தகங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வாசலைக் குறித்தேன். கதை 3, பாத்திரம் 4, மொழி 2, களம் 11. நான் என்னைக் கதை வாசகன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது 'உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்' என்று கேட்டால் குடும்பக் கதை, துப்பறியும் கதை, சரித்திரக் கதை என்று வகை சொல்லித்தான் பழக்கம். அந்த 20-இல் எல்லா வகையும் இருந்தன. நான் உண்மையில் பின்தொடர்ந்து போனது இடத்தை. ஒரு நிலம், அதில் பொழுது போகும் விதம், அங்கே மனிதர்கள் வேலை செய்யும் விதம். பாதியில் விட்ட ஐந்து புத்தகங்களையும் இந்தக் கண்ணோடு மறுபடி புரட்டினேன். ஐந்தில் நான்கு விறுவிறுப்பான கதைகள். எங்கே நடக்கின்றன என்பதே நினைவில் நிற்காதவை. புத்தகங்கள் மேல் தப்பில்லை. வேறு வாசலில் நிற்க வேண்டியவர்களுக்கு எழுதப்பட்டவை அவை. 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது 1931-இல் வெளியான எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் மூன்றாவது. எத்தனையோ முறை கேட்ட வரி, அன்றைக்குத்தான் உறைத்தது.

எவ்வளவு தூரம் படித்துவிட்டு நிறுத்தலாம் என்பதற்கும் நான்சி பெர்ல் ஒரு கணக்குத் தருகிறார். ஐம்பது வயதுவரை, 50 பக்கம் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் 100-இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். வயதாக ஆக மிச்சமுள்ள நேரம் குறைகிறது, அதனால் பக்கமும் குறைகிறது. எனக்கு 54, ஆக 46 பக்கம். முன்பெல்லாம் எடுத்ததை முடிக்காமல் விடுவது பாவம் போல இருக்கும். பிடிக்காத ஒரு புத்தகத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி, அந்த மாதம் முழுக்க வேறு எதுவும் படிக்காமல் இருந்திருக்கிறேன். 46 என்று ஒரு எல்லை வந்ததும் மனசு லேசாகிவிட்டது. தெரியாதவரை எடுத்துப் பார்க்கத் தயக்கமே இல்லை. தேடலுக்கு இதைவிட உதவிய விஷயம் வேறில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ரஷ்ய நாவல்களில் ஒரே ஆளை முதல் பெயர், தந்தை பெயர், செல்லப் பெயர் என்று மூன்று விதமாகக் கூப்பிடுவார்கள். 46 பக்கமும் யார் யார் என்று பிடிபடுவதற்கே போய்விடும். அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு ஒரு துண்டுத் தாளில் பெயர்களை எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்கிறேன். இவற்றுக்கு 80 பக்கம் வரை பொறுமை.

அடுத்து நூலக அலமாரி. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி தசம முறை (1876-இல் வெளியானது) தெரிந்திருந்தால் இது நல்ல விளையாட்டு. 800 இலக்கியம். ஆங்கிலப் புனைகதை 823, ஜெர்மன் 833, பிரெஞ்சு 843, ஸ்பானிஷ் 863. தமிழ் இலக்கியம் 894.811. ஐரோப்பிய மொழிகளுக்கு மூன்று இலக்கத்தில் இடம் கிடைக்க, நம் மொழி ஆறு இலக்கம் தள்ளி நிற்கிறது; அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. தேடுகிறவர்களுக்குப் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. இந்த முறைப்படி மொழிபெயர்ப்பு நூல் மூல மொழியின் எண்ணிலேயே நிற்கும். ஒரு ஜப்பானிய நாவல் பிடித்திருந்தால் 895.6 பக்கம் போய் நின்றால் போதும், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் அந்த மொழிக்காரர்கள்.

போய் நின்றேன். கேள்விப்படாத பெயராகப் பார்த்து எடுப்பது, முதல் பக்கத்தைப் படிக்காமல் நடுவில் ஒரு பக்கத்தைப் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். (69-ஆம் பக்கத்தைப் படித்துப் பார் என்று ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மக்லூகன் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. எந்தப் பக்கமானாலும் சரி. முதல் பக்கத்தை எல்லோரும் இழைத்து இழைத்து எழுதியிருப்பார்கள். நடுப்பக்கத்தில்தான் எழுத்தாளரின் இயல்பான நடை தெரியும்.) பின்னட்டையைப் படிப்பதை நிறுத்திவிட்டேன், அது விற்பதற்காக எழுதுவது. 12 எடுத்து 4 முடித்தேன். விகிதம் குறைவுதான். ஆனால் அந்த நால்வரில் இருவர் இப்போது எனக்கு மிக நெருக்கம். வேறு எந்தப் பட்டியலிலும் அவர்கள் என் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

பரிசுப் பட்டியல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வென்ற புத்தகத்தை விட்டுவிட்டு நெடும்பட்டியலை, அதாவது நடுவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் நீண்ட பட்டியலைப் பார்ப்பது நல்லது. வென்றது பல நடுவர்கள் ஒத்துப்போன புத்தகம். நெடும்பட்டியலில் யாரோ ஒரு நடுவர் மட்டும் உயிரைக் கொடுத்துப் பரிந்துரைத்ததும் இருக்கலாம். 8 எடுத்து 4 முடித்தேன், ஒருவர் மனதில் நின்றார்.

சிறுகதைத் தொகுப்புகள் இதைவிட நன்றாக வேலை செய்தன. பல எழுத்தாளர்கள் சேர்ந்த தொகுப்பு நூல்கள் மூன்று படித்தேன். ஒரு கதைக்கு அரை மணி நேரம். பிடிக்காவிட்டால் நட்டமில்லை, பிடித்தால் அவருடைய தனிப் புத்தகத்துக்குப் போகலாம். அப்படிப் போன 6-இல் 4 முடித்தேன். 2025-இல், ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசு முதன்முறையாக ஒரு சிறுகதைத் தொகுப்புக்குப் போனது: கன்னடத்தில் பானு முஷ்தாக் எழுதி, தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கதைகள். சிறுகதையை நாவலுக்கு முந்தைய பயிற்சி மாதிரிப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. அதனால் அந்தச் செய்தி மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பரிசில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பணத்தை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது. அதைப் படித்த அன்றைக்குத்தான் ஒரு யோசனை வந்தது. இத்தனை வருடம் எழுத்தாளர் பெயரை வைத்துத்தானே தேடினோம், மொழிபெயர்ப்பாளர் பெயரை வைத்துத் தேடினால் என்ன? ஒரு நாவலை மொழிபெயர்ப்பவர் அதோடு மாதக்கணக்கில் வாழ்கிறார். அதிலும் பணம், புகழ் பெரிதாக இல்லாத இடத்தில், பிடிக்காத புத்தகத்தோடு யாரும் அவ்வளவு நாள் இருக்க மாட்டார்கள். அவர் எடுத்த புத்தகமே ஒரு சிபாரிசுதான்.

முதலில் நினைவுக்கு வந்தவர் க.நா.சுப்ரமண்யம் (1912–1988). 'படித்திருக்கிறீர்களா?' என்று நூலுக்கே தலைப்பு வைத்து, தான் படித்த புத்தகங்களை வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவர். ஸ்காண்டிநேவிய நாவல்களை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நார்வே எழுத்தாளர் க்னுட் ஹாம்சனின் 'நிலவள'த்தை எடுத்தேன். ஒரு மனிதன் யாருமில்லாத காட்டுக்குள் நடந்து வருகிறான், ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கிறான், நிலத்தைத் திருத்துகிறான். ஒரு பெண் வருகிறாள், வீடு எழும்புகிறது, ஆடு மாடு பெருகுகிறது. ஆரம்பத்தில் நடப்பது இவ்வளவுதான். 46-ஆம் பக்கத்தை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. பல மாதமாகத் தேடிய களம் அது.

ஹாம்சனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1920-இல் நோபல் பெற்றவர், பின்னாளில் நாஜிகளை ஆதரித்தார். 1943-இல் தன் நோபல் பதக்கத்தையே நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்குக் கொடுத்தார். பாதி படித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு படித்து முடித்தேன். புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த மனிதர் செய்தது அருவருப்பாக இருக்கிறது. இரண்டையும் அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது, க.நா.சு. மொழிபெயர்த்த, ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்தின் 'அன்பு வழி', இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்ட பரபாஸின் கதை. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிந்தது. இது களத்தைவிடப் பாத்திரத்தின் வழியாக என்னை உள்ளே இழுத்தது. அதுவும் நல்லதுதான், ஒரே வாசலில் நின்றுவிடக் கூடாது. மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகவும் 4 புத்தகங்கள் எடுத்து 4-ஐயும் முடித்தேன். ஆக இந்த வழியில் எடுத்தது 7. முடித்தது 6, ஒன்று கையில் இருக்கிறது. மனதுக்கு நெருக்கமான புதியவர்கள் மூவர்.

மொத்தத்தில் 42 எடுத்தேன், 19 முடித்தேன், 22 விட்டேன், 1 ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக எனக்குக் கிடைத்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் வேறு புத்தகங்கள் இருக்கின்றன என்பதை நினைத்தாலே நிம்மதியாக இருக்கிறது.

கணக்கில் வராத ஒரு விஷயமும் உண்டு. விட்ட புத்தகங்களில் பெரும்பாலானவை இரவு பதினோரு மணிக்கு மேல், போன் திரையில் ஆரம்பித்தவை. முடித்தவை காலையில் படித்தவை. எனவே சிலவற்றுக்கு நான் நியாயம் செய்யவில்லையோ என்ற சந்தேகம் இருக்கிறது. விட்டவற்றிலிருந்து ஐந்தை எடுத்து, அடுத்த மாதம் காலை நேரத்தில் மறுபடி பார்க்கப் போகிறேன்.

இப்போது கையில் இருப்பது க.நா.சு. மொழிபெயர்த்த 'மதகுரு', 1909-இல் இலக்கிய நோபல் பெற்ற முதல் பெண்ணான செல்மா லாகர்லெவின் முதல் நாவல். பனியில் சறுக்கு வண்டி ஓட, பின்னால் ஓநாய்கள் துரத்தி வரும் இடம் நேற்றுக் காலை வந்தது. படித்து முடித்துவிட்டு, முதல் வரிக்குத் திரும்பிப் போய் அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை படித்தேன்.