105 மீட்டர் தூரத்திலிருந்து எம்டன்

முதல் வாரம்

சத்தமில்லாமல் ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து எங்கள் பாட்டி, "அது சரியான எம்டன்" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரிய வந்தபோது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸுக்கு எதிரே வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டுகள் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் கப்பல். உயர்நீதிமன்ற மதிலை ஒட்டி அதற்கொரு கல்வெட்டு இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

அந்தக் கப்பலின் மாதிரியை 1/350 அளவில், அதாவது அசலின் 350-இல் ஒரு பங்காக, கட்ட வேண்டும் என்பது பத்து வருட ஆசை. கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் கொண்ட பெட்டி, வந்து சேர்ந்துவிட்டது. கூடவே தனியாக விற்கும் நுண்பாகங்களும் வாங்கினேன்: பித்தளை எட்ச் தகடு (அமிலத்தால் அரித்து நுண்பாகங்களாக வடிவமைத்த மெல்லிய தகடு) ஒரு செட், கடைசல் பிடித்த பித்தளைப் பீரங்கிக் குழல்கள், 3டி பிரிண்ட் செய்த காற்றுக் கூண்டுகள். எல்லாம் சேர்த்துக் கிட்டின் விலையைப்போல் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இவ்வளவு செலவு தேவையா என்பதை இந்தத் தடவை ஊகத்தில் விடாமல், ஒவ்வொன்றையும் அளந்து, பொருத்தி, பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதி வைக்கப் போகிறேன். புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் நான் செலவழித்த பணத்தை வைத்துக் கற்றுக்கொள்ளட்டும்.

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் எடுப்பது வெர்னியர் காலிபர். அசல் எம்டனின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். 350 ஆல் வகுத்தால் 338 மில்லிமீட்டரும் 38.6 மில்லிமீட்டரும் வர வேண்டும். உடலின் இரண்டு பாதிகளையும் டேப் போட்டுச் சேர்த்து அளந்தேன். நீளத்தில் அரை மில்லிமீட்டர் குறைவு, அகலம் சரி. அரை மில்லிமீட்டரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த அடிப்படை தவறியிருந்தால் மேலே எத்தனை பித்தளை ஒட்டினாலும் பிரயோஜனமில்லை. முன்பு ஒரு கப்பலுக்கு இந்தச் சோதனையைச் செய்யாமல் செட் வாங்கி, தகட்டுப் பாகங்கள் ஒன்றும் தளத்தில் உட்காராமல் பாதியில் விட்டிருக்கிறேன்.

அடுத்து ஸ்ப்ரூக்களை (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டங்களை) வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். படகுகளின் உட்புறத்தில் சிங்க் மார்க், அதாவது பிளாஸ்டிக் ஆறும்போது விழுந்த பள்ளம், இருக்கிறது. தளத்தின் அடியில் எஜெக்டர் பின் தடங்கள் (பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் ஊசிகளின் தடங்கள்) இருக்கின்றன, அவை மறைந்துவிடும். மூன்று புகைபோக்கிகளும் இரண்டு பாதிகளாக வருகின்றன. பத்துப் பீரங்கிகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன: முன்னால் அருகருகே இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று, பின்னால் இரண்டு. எம்டனுக்கு இரண்டு புரொப்பெல்லர், கிட்டிலும் இரண்டு. அதன் தோழிக் கப்பல் டிரெஸ்டனில் டர்பைன் இயந்திரம், எம்டனில் பிஸ்டன் வைத்த நீராவி இயந்திரம். இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை என்று நினைத்துப் பாகங்களை மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகப் புகைப்படங்களை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம்

உடல் ஒட்டியாயிற்று. மெல்லிய சிமெண்டைப் பிரஷ்ஷால் இணைப்பில் தொட்டுவிட்டால் தானாக ஓடிப் பரவுகிறது. அடித்தளத்து இணைப்பில் மட்டும் புட்டி தேவைப்பட்டது. தேய்ப்பு முடிய இரண்டு மாலைகள்.

இந்த வேலைக்கு நடுவே மனதில் வந்த ஒரு கணக்குதான் இந்தப் பதிவு முழுவதற்கும் அளவுகோல். கட்டிய கப்பலை நாம் எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம்? முப்பது சென்டிமீட்டர் இருக்கும். 350 ஆல் பெருக்கினால் 105 மீட்டர். அதாவது, மேசையில் இருக்கும் எம்டனைப் பார்ப்பது, துறைமுகத்தில் 105 மீட்டர் தள்ளி நின்று அசல் எம்டனைப் பார்ப்பதற்குச் சமம். அதுவும் கரையில் நின்று பார்ப்பதுபோல் இல்லை, மேலே வட்டமிடும் பருந்து பார்ப்பதுபோல். மேசைமேல் வைத்த கப்பலை எப்போதும் சற்று மேலிருந்துதானே பார்க்கிறோம்.

அந்தத் தூரத்தில், அந்தக் கோணத்தில் என்ன தெரியும்? கம்பிக் கைப்பிடிகள் வானத்தின் பின்னணியில் கோடாகத் தெரியும். புகைபோக்கியின் வாய்க்குள் இருட்டு தெரியும். கதவின் கீல் தெரியாது, ஆணித்தலை தெரியாது. எட்ச் தகட்டில் இருந்த நூற்றுச் சொச்சம் துண்டுகளை இப்படிச் சலித்தபோது பாதிக்கு மேல் ஒதுங்கிவிட்டன. கதவுகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கிட்டின் சுவரிலேயே கதவு வார்த்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே தடிமனில் பித்தளைக் கதவை ஒட்டுவதில் எனக்கு என்ன லாபம்?

கைப்பிடி விஷயம் அப்படியில்லை. ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி இந்த அளவில் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் தூண் மூன்று சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் 0.09 மில்லிமீட்டர். அச்சுக்குள் உருக்கிய பிளாஸ்டிக்கை இவ்வளவு மெல்லிய வழியில் செலுத்தி நிரப்புவது நடக்கிற காரியமில்லை. எட்ச் தகட்டின் தடிமனோ 0.1 மில்லிமீட்டர் அளவுதான். பிளாஸ்டிக்கால் முடியாத இடத்தில்தான் பித்தளைக்கு வேலை. கைப்பிடிகள், சாய்வு ஏணிகள், புகைபோக்கி வாயின் வலைக்கம்பிகள், இந்த மூன்றுக்காக மட்டுமே செட் வாங்கியிருந்தாலும் வாங்கியது சரிதான்.

ஆறாவது வாரம்: பீரங்கிகள்

இந்தப் பகுதியை விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு நானே போட்ட பந்தயம் இது.

எம்டனின் பீரங்கித் துளை 10.5 சென்டிமீட்டர், குழல் நீளம் துளையின் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். இந்த அளவில் 12 மில்லிமீட்டர் நீளம், துளை 0.3 மில்லிமீட்டர். கிட்டில் வரும் குழலின் வாய்ப்பகுதியை அளந்தேன்: 0.9 மில்லிமீட்டர். அசலுக்கு மாற்றினால் 31 சென்டிமீட்டர் தடிமன். 10.5 பீரங்கிக்கு இது விளக்குக் கம்பம். அதோடு வாயில் துளையும் இல்லை, நடுவில் வார்ப்பு இணைப்புக் கோடு ஓடுகிறது. அதைத் தேய்க்கப் போனால் வட்டம் தட்டையாகிவிடும்.

கடைசல் குழல்கள் கையில் இருந்தன. ஆனாலும் நம் ஊரிலேயே கிடைக்கிற ஒன்றால் இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க ஆசை. மருந்துக்கடையில் 26 கேஜ் ஊசிகளும் 21 கேஜ் ஊசிகளும் வாங்கினேன். 26 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.46, உள்துளை 0.26 மில்லிமீட்டர். துளை ஏறக்குறைய நமக்கு வேண்டியதே. 21 கேஜின் உள்துளை 0.51. அதனால் 26 அதற்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. அடிப்பகுதிக்குத் தடித்த குழல், நுனிக்கு மெல்லிய குழல் என்று இரண்டடுக்காகச் செய்யலாம். நகவெட்டியால் வெட்டினால் குழல் நசுங்கிவிடுகிறது. சிறு மோட்டாரில் மாட்டிய வெட்டுத்தட்டால்தான் வெட்ட வேண்டும். துண்டு தெறித்துக் கண்ணில் படும், கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.

இரண்டு பீரங்கிகளை ஊசியிலும் இரண்டைக் கடைசல் பித்தளையிலும் செய்து, கேடயம் மாட்டி, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அருகருகே வைத்தேன். ஊசி தோற்றது. துளை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அசல் குழல் அடியிலிருந்து நுனிவரை சீராகக் குறைந்துகொண்டே போகும். ஊசியில் அது படிக்கட்டாகத் தெரிகிறது. பிரைமரைக் கெட்டியாகப் பூசிப் படியை மறைக்கப் பார்த்தேன், துளை அடைத்துக்கொண்டது. 105 மீட்டரிலிருந்து துளை தெரியாது, சரிவு தெரிகிறது. கண் முதலில் பிடிப்பது உருவக்கோட்டைத்தான். ஆகவே பத்துக் குழல்களும் பித்தளையே. முழுச் செலவிலும் மனதுக்கு நிறைவாகச் செலவழித்தேன் என்று சொல்வது இதற்குத்தான். மிச்சமான ஊசிகள் கொடிமரத்துக்கு உதவும்.

எட்டாவது வாரம்

3டி பிரிண்ட் காற்றுக் கூண்டுகள். எம்டனின் தளத்தில் இவை நிறைய. நிலக்கரி எரித்து ஓடிய கப்பல், கீழே பன்னிரண்டு கொதிகலன்கள், காற்று இறங்கியாக வேண்டும். கிட்டின் கூண்டுகளுக்கு வாயில் வெறும் பள்ளம்தான். பிரிண்ட் செய்தவை உள்ளே குடைவாக, ஓரம் மெல்லியதாக, பார்க்கவே ஆசையாக இருக்கின்றன.

ஆனால் தாங்கிக் குச்சிகளிலிருந்து வெட்டியெடுத்தபோது இருபதில் நான்கு உடைந்தன. இந்த ரெசின் விறைப்பானது, வளையாது, நொறுங்கும். வெட்டுவதற்கு முன் இளஞ்சூட்டு நீரில் ஒரு நிமிடம் போட்டுவைத்தால் கொஞ்சம் இளகும் என்பதை உடைத்த பிறகுதான் செய்து பார்த்தேன். மீதிப் பதினாறும் பத்திரமாக வந்தன. பிரைமர் அடித்த பிறகு இரண்டில் அடுக்குக் கோடுகள் லேசாகத் தெரிந்தன, நைசான தேய்ப்பு ஸ்பாஞ்சால் போய்விட்டது.

உடைந்ததற்குப் பதில் வேண்டுமே என்று கிட்டின் கூண்டுகளை எடுத்து, 1 மில்லிமீட்டர் உருண்டை முனையால் வாயைக் குடைந்து, உள்ளே கறுப்புக் கலந்த பழுப்பை ஒரு சொட்டு விட்டேன். ஒரு கூண்டுக்கு மூன்று நிமிடம். தளத்தின் இடது பக்கம் பிரிண்ட், வலது பக்கம் குடைந்தது என்று தற்காலிகமாக நிறுத்திவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பரிடம் காட்டினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் இதில் இறங்கக் காரணமே அவர்தான்.

"அண்ணா, இதுல எது வாங்கினது, எது நான் குடைஞ்சதுன்னு சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். வலது பக்கத்தைக் காட்டி, "இதுதாம்ப்பா வாங்கினது. உள்ள ஆழம் நல்லாத் தெரியுது" என்றார்.

இருபது வருடமாகக் கப்பல் கட்டுகிற கண் அது. அடுத்த கப்பலுக்குக் கூண்டு வாங்கப் போவதில்லை.

தேடுவிளக்குகளை மட்டும் அவர் விடவில்லை. "மெட்ராஸைச் சுட்ட கப்பல்னு சொல்றே, அந்த ராத்திரி தொட்டியைக் காட்டிக் கொடுத்ததே இந்த லைட்டுதானே. இதைப் போய் பெயிண்ட் அடிச்சு முடிச்சிடுவியா?" என்றார். நியாயம். கிட்டில் விளக்கின் முகப்பு கெட்டியான பிளாஸ்டிக். முகத்தைக் குழியாகக் குடைந்து, குரோம் நிற பேனாவால் உள்ளே தொட்டு, மேலே ஒளிபட்டால் இறுகும் தெளிவான ரெசினை ஒரு துளி நிரப்பினேன். செலவு மிகக் குறைவு. ஜன்னல் வெளிச்சம் பட்டால் விழித்துப் பார்க்கிறது. விற்பனைக்கு வரும் செட்டில் இதற்குத் தட்டையான ஒரு பித்தளை வளையம்தான் இருந்தது.

பன்னிரண்டாவது வாரம்

நிறம். கீழ்த்திசைக் கடலில் இருந்த காலத்தில் எம்டன் வெள்ளை உடலும் மஞ்சள் சாயல் புகைபோக்கிகளுமாக இருந்தது. 'கிழக்கின் அன்னம்' என்றே அதற்குப் பெயர். அந்த வேடம் மிக அழகு. ஆனால் மதராஸுக்கு வந்தது சாம்பல் பூசிய போர்க்கால எம்டன். எனக்கு அதுதான் வேண்டும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். அக்டோபர் கடைசி, வெளியே மழை, அறையில் ஈரப்பதம். லேக்கர் பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். அரை மணி நேரத்தில் இடப்பக்க உடல் முழுக்க வெண்மை பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிடுவதால் வருவது இது. ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று நாள் கழித்து வெயில் வந்த ஒரு மத்தியானம், மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மெல்லிய பனிபோல் அடித்தேன். பூப்பு கரைந்து சாம்பல் திரும்ப வந்தது. சென்னையில் லேக்கர் அடிப்பவர்கள் மழைக்காலத்தில் ரிடார்டர் (உலர்வதைத் தாமதமாக்கும் திரவம்) கலந்த தின்னர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுத்திருங்கள்.

கைப்பிடிகளை நிறம் அடித்த பிறகே ஒட்டினேன். சூப்பர் க்ளூ போட்டால் சுற்றிலும் வெள்ளைப் புகை படிகிறது, கோணலாக உட்கார்ந்தால் திருத்தவும் முடியாது. தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டினால் நிமிர்த்த நேரம் கிடைக்கிறது, தவறினால் ஈரப் பிரஷ்ஷால் இளக்கி எடுக்கலாம். முன்தளத்தின் வளைவில் மட்டும் பித்தளை முரண்டு பிடித்தது. அந்தத் துண்டை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டி ஆறவிட்டேன். இளகி, சொன்னபடி வளைந்தது.

பதினான்காவது வாரம்

எந்தச் செட்டிலும் நான் தேடாத ஒரு பாகத்தை இந்த வாரம் செய்தேன். எம்டனின் மாலுமிகள் மரச்சட்டமும் கித்தான் துணியுமாக ஒரு நான்காவது புகைபோக்கி கட்டி வைத்திருந்தார்கள். நான்கு புகைபோக்கி இருந்தால் தூரத்திலிருந்து பிரிட்டிஷ் கப்பல் யார்மத் என்று எதிரி ஏமாறுவான். அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் அப்படித்தான் நுழைந்து, ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தார்கள். பாட்டி சொன்ன 'எம்டன்' இந்த எம்டன்தான்.

நான் செய்ததும் அவர்கள் செய்த மாதிரியேதான்: ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் சூடாக்கி இழுத்த கம்பிகளால் சட்டம், அதன்மேல் ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாள். உலர்ந்ததும் தாளில் விழுந்த சுருக்கங்கள் அசல் கித்தானைப் போலவே இருக்கின்றன. அடியில் பொட்டு அளவு காந்தம். வேண்டும்போது வைக்கலாம், எடுக்கலாம். மதராஸ் இரவுக்கு மூன்று, பினாங்கு விடியலுக்கு நான்கு.

பாக்கி இருப்பது கொடிமரக் கயிறுகள். இரண்டு சென்டிமீட்டர் கயிறு இந்த அளவில் 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடிக்குச் சமம். கடையில் விற்கும் இழுபடும் நூலையும் நான் இழுத்த ஸ்ப்ரூவையும் ஆளுக்கொரு கொடிமரத்தில் கட்டிப் பார்க்கப் போகிறேன். அண்ணாவை மறுபடி அழைத்திருக்கிறேன், இந்தத் தடவை கண்ணாடியோடு வருவதாகச் சொன்னார்.