மெலட்டூர் நாட்குறிப்பு: ஜெயந்திக்கு முன்

ஏப்ரல் 27

விடுப்பு கிடைத்து ஊர் வந்து சேர்ந்தேன். பெரியப்பாவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது.

ஏப்ரல் 29

நரசிம்ம ஜெயந்தியன்று இரவு எங்கள் ஊர் ஆண்கள் ஆடும் பாகவத மேளாவின் பிரகலாத நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருப்பவர்கள் வங்கியிலும் கணினி நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள். ஒருவருக்கும் இதில் ஒரு பைசா கிடையாது, பயணச் செலவும் அவரவர் கைப்பணம்தான். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்த ஊர் என்பார்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இப்போதுதான் விளக்கு எரிகிறது. இரணியன் வேஷம் போடும் பெரியப்பா வரவில்லை. எனக்கு அவன் மனைவி லீலாவதியின் வேஷம். எதிரே இரணியன் இல்லாமலே அவளுடைய பிரவேச தருவை, அதாவது மேடைக்கு வரும் பாட்டை, ஆடி முடித்தேன்.

மே 1

படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மேடைக்கும் படி உண்டு.

மே 3

பெரியப்பா கூப்பிட்டனுப்பினார். நாடகத்தை இயற்றிய வேங்கடராம சாஸ்திரிகளின் தெலுங்குச் சாகித்யத்தைத் தாத்தா தமிழ் எழுத்தில் எழுதி வைத்த நோட்டு அவர் மடியில் இருந்தது. அதை அவர் திறக்கவே இல்லை. மகன் பிரகலாதனை விட்டுவிடும்படி லீலாவதி மன்றாடும் இடத்தைப் பாடச் சொன்னார். பாடினேன். "டேய், அழாதே. அழுதால் குரல் போய்விடும். அவள் கேட்கிறாள், அவ்வளவுதான்" என்றார். பிறகு இரணியனின் பதிலை அவரே எடுத்தார். பாதியில் இருமல் வந்து உடம்பு குலுங்கியபோதும், சாய்வு நாற்காலியின் கட்டையில் தாளம் போட்ட விரல் ஓர் அட்சரம்கூடத் தவறவில்லை. அந்தக் குரலுக்கு எதிரே நின்று பழகிய எனக்கு வேறொருவரிடம் எப்படி மன்றாட வரும்?

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. பந்தலுக்குக் கீற்று வந்து இறங்கியிருக்கிறது.

மே 6

நாடகத்தைச் சுருக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்குத் துளியும் சம்மதமில்லை. கோமாளியான கோணங்கி வந்து, பிள்ளையார் வேஷமிட்ட சிறுவன் வந்து, பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பிரவேசித்து, விடியும் நேரத்தில்தான் தூண் பிளக்க வேண்டும். ஆண்டு முழுவதும் கோயிலில் பூஜையில் இருக்கும் நரசிம்மரின் முகமூடி, அன்று உபவாசம் இருப்பவர் முகத்தில் ஏறிவிட்டால், அவர் ஆவேசத்தைப் பலர் பிடித்துத் தாங்க வேண்டியிருக்கிறது. அவருக்கு எதிரே வாதம் செய்துகொண்டு நிற்கிறவன் இரவெல்லாம் நின்றவனாக இருந்தால்தான் அந்த வாதத்துக்குப் பொருள் உண்டு. ஆனால் பெரியப்பாவால் கூடத்திலிருந்து வாசலுக்கு வரவே இரண்டு இடங்களில் உட்கார வேண்டியிருக்கிறது.

மே 8

இரவு பெரியப்பா நன்றாகத் தூங்கினார்.

மே 9

பெரியப்பாவுக்குப் பதிலாக ஆடுவதற்காக ஒருவர் பாடம் செய்திருக்கிறார். தாளம் சுத்தம், உச்சரிப்பும் சுத்தம். ஆயினும் பிரகலாதனாக வரும் பையன் ஒத்திகை முடிந்ததும் என்னிடம் வந்து, "பெரிய தாத்தா அதட்டினால் வயிறு நடுங்கும் மாமா, இவர் அதட்டினால் நடுங்கவில்லை" என்றான். நடுங்கிக்கொண்டே நாராயண நாமத்தை விடாமலிருப்பதல்லவா அந்தக் குழந்தையின் பக்தி! இதை யாரிடமும் சொல்லவில்லை.

மே 10

கிரீடத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, முடிச்சுக் கயிற்றை இழுத்துப் பார்த்து, புதுக் கயிறு கோக்கச் சொன்னார் பெரியப்பா. யார் தலைக்கு என்று சொல்லவில்லை. பெரியம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

மே 11, காலை

பதினொரு மணிக்கு மருத்துவர் வருகிறார். அதுவரை வேஷத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். சவுரியும் ராக்கொடியும் எடுத்து வைத்தாகிவிட்டது. புடவையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.