தராசும் படத்துக்குள் வரட்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வருகிறவர் தராசைப் பார்த்துவிட்டுத்தான் டிசைனைப் பார்ப்பார். எடை கண்ணெதிரே ஏறும். சந்தேகம் வந்தால் ஜோடியைக் கையில் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பார். அதே கொலுசு இன்ஸ்டாகிராமுக்கு வரும்போது தராசு காணாமல் போய்விடுகிறது. பாட்டு இருக்கிறது, பளபளப்பு இருக்கிறது, ஒரு கால் மெதுவாகத் திரும்புகிறது. எத்தனை கிராம், வெள்ளியின் தூய்மை எத்தனை டச், சொன்ன விலை ஒற்றைக்கா ஜோடிக்கா என்று எங்கும் இல்லை. கேட்டால் "இன்பாக்ஸுக்கு வாங்க" என்று பதில் வருகிறது. சிறு கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து தரும் வேலையில் நேர்மை என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: கடைக்கு வந்தவருக்குக் கிடைத்த தராசையும் தொட்டுப் பார்க்கும் வசதியையும் படத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

கொலுசிலிருந்தே தொடங்கலாம். ஜோடியின் மொத்த எடை, கல்லும் மீனா என்ற எனாமல் பூச்சும் கழித்த வெள்ளி எடை, டச், அங்குலத்தில் நீளம், திருகாணியா கொக்கியா, செய்கூலி சேர்ந்ததா தனியா என்பதெல்லாம் பதிவிலேயே இருக்க வேண்டும். 80 டச் என்றால் 100 கிராமில் 80 கிராம் வெள்ளி, மீதி செம்பு முதலான கலப்பு. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கணக்கு, முதல் சம்பளத்தில் கொலுசு வாங்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமில்லை. 70 டச் சரக்குக்கு மேல் "சுத்த வெள்ளி" என்று எழுதுவது பொய். மூன்று வருடம் கழித்து அவர் பழைய வெள்ளியாகப் போடப் போகும்போது அந்தப் பொய் வெளிப்படும், அப்போது கடையின் பெயர் மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கும்.

வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கட்டாயமாகவில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல், ஹால்மார்க் பெறும் வெள்ளி நகைகளிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு வருகிறது. வாங்குபவர் அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். அந்த முத்திரைக்கான மிகக் குறைந்த தூய்மை 800, அதாவது 80 டச். ஆகவே 70 டச் கொலுசுக்கு ஹால்மார்க் கிடைக்காது. அதற்காக அந்தச் சரக்கை மறைத்து விற்க வேண்டியதில்லை. தினமும் காலில் கிடந்து தேயும் நகைக்குக் கலப்பு உறுதி தரும். "70 டச், தினசரி உபயோகத்துக்கு, ஹால்மார்க் இல்லை, திரும்ப எடுக்கும்போது வெள்ளியின் அளவுக்கு அன்றைய விலை" என்று நான்கே துண்டாக எழுதினாலும் வாங்க ஆள் உண்டு. அப்படி எழுதும் கடைக்கு வரும் கேள்விகளும் குறைவு.

வீடியோ எடுக்கும் விதம் எளிது. தராசு சுழியத்தில் நிற்பதைக் காட்டி, ஜோடியை வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை வெட்டாமல் எட்டு விநாடி ஓடவிடுங்கள். மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள். காற்றுபட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். ஃபிளாஷ் வேண்டாம். வெள்ளி அதை அப்படியே திருப்பி அடித்து வேலைப்பாட்டை மறைத்துவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் போதும். அளவு புரிய பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். குளோசப்பில் குழந்தைக் கொலுசும் கல்யாணக் கொலுசும் ஒன்றுபோலத் தெரிவதால் வரும் தகராறுகளில் பாதி இதிலேயே தீரும். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறுவதால் விலையோடு "இன்று மாலை 6 மணி வரை" என்ற வரியும் தேதியும் போட வேண்டும். பழைய பதிவின் விலையைக் காட்டிக் கேட்பவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

வெண்பட்டில் சிக்கல் வேறு. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற துணி. அதன் வெண்மையே அதன் பெயர். கைபேசிக் கேமராவோ எந்த வெண்மையையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த சந்தன நிற வேட்டியை வெள்ளையாக்கும், டியூப்லைட்டின் கீழ் நீலம் பாய்ச்சும். இரண்டு விளக்கும் கலந்தால் மடிப்புக்கு ஒரு நிறம். காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் நேராகப் படாத திண்ணையில் விரித்து, ஓரத்தில் ஒரு ஏ4 தாளை வைத்து எடுங்கள். தாளின் வெண்மைக்கும் துணியின் வெண்மைக்கும் உள்ள வித்தியாசம் படத்திலேயே தெரியும். ஃபில்டர் கூடாது. வேட்டியின் நீளம் அகலத்தை மீட்டரில் அளந்து போடுங்கள், அங்கவஸ்திரம் சேர்த்தியா என்று சொல்லுங்கள், ஜரிகை எந்த ரகம் என்று சொல்லுங்கள். பட்டு என்று எழுதினால், தூய பட்டுக்கான சில்க் மார்க் சீட்டின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். சீட்டு இல்லாத பட்டும் உண்மையான பட்டாக இருக்கலாம்தான். அப்படியானால் ஓரத்து நூல் ஒன்றை எரித்துக் காட்டுங்கள்: பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து விரலில் பொடியாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். வாசனையை வீடியோ காட்டாது. பொடியையும் மணியையும் காட்டும்.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையின் விசைத்தறிச் சேலைகளுக்குத் தமிழ்நாடு தாண்டியும் வாடிக்கை உண்டு. அந்தச் சேலையைப் பக்கத்துக் கைத்தறியின் படத்தோடு "கைத்தறி" என்று போடும்போது இரண்டு தொழிலுக்கும் அடி விழுகிறது. அறுநூறு ரூபாய்க்குக் கைத்தறிப் பட்டு கிடைக்கும் என்று ஒருமுறை நம்பியவர், அம்மாபேட்டையில் கைத்தறி நெசவாளி சொல்லும் உண்மையான விலையைக் கேட்டால் ஏமாற்று என்பார்.

செயற்கை நுண்ணறிவால் மாடல் படம் செய்வது இப்போது மலிவாகிவிட்டது. பின்னணியை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொருளையே மறுபடி வரையவிட்டால் பார்டரின் அன்னம் மயிலாகும், கொலுசில் பதினெட்டு மணி இருபத்திரண்டாகும். வாங்குபவர் எண்ணிப் பார்ப்பார்.

ஏற்காட்டுப் பொருள்களில் பொய் படத்தைவிடச் சொல்லில்தான் அதிகம் நுழைகிறது. காப்பித்தூளில் சிக்கரி இருந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிடுவது சட்டம். கலவையில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாக்கெட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் காப்பி 60, சிக்கரி 40 என்று இருக்கும், ரீல்ஸில் "ஏற்காடு எஸ்டேட் காப்பி" என்று மட்டும் ஓடும். ஃபில்டரில் கெட்டி டிகாஷன் இறக்கிப் பழகிய வீடுகள் சிக்கரிக் கலவையை விரும்பித்தான் வாங்குகின்றன. விகிதத்தை முதல் வரியில் போட்டால் அவர்களுக்குத் தேர்ந்தெடுப்பது சுலபம். கொட்டை எந்த ரகம், எந்தத் தேதியில் வறுத்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள். "ஆர்கானிக்" என்ற சொல்லுக்குப் பொதுவாகச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத சிறு தோட்டக்காரர் "பூச்சிமருந்து அடிக்காமல் வளர்த்தது" என்று உண்மையை வாக்கியமாகச் சொல்லலாம், அது உண்மையாக இருக்கும்வரை. மிளகோ தேனோ "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதுவது மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டின் சட்டப்படியே குற்றம். அந்த வரியைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர் ஒருவராவது இருப்பார் என்ற பயம் எழுதுகிறவருக்கு இருக்க வேண்டும்.

ஜவ்வரிசிக்கு ஒரு வார்த்தை. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் எல்லாப் பாக்கெட்டிலும் அந்தச் சொல்லை ஒட்டும் ஆசை வந்திருக்கிறது. குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு வேண்டும். படத்தில் வெளிச்சத்தை ஏற்றி ஜவ்வரிசியைப் பளீரென்று காட்டுவதும் வேண்டாம். வெளுப்பு ரசாயனத்துக்கு எதிராக எத்தனையோ பேர் பேசிவரும் தொழில் இது.

ஏற்காட்டில் மலைமேல் தங்கும் வீடுகளை விளம்பரப்படுத்துகிறவர்கள் டிசம்பர் பனிமூட்டத்தை ஏப்ரலில் போடுகிறார்கள். படத்தின் ஓரத்தில் மாதத்தை எழுதினால் போதும். ஏரியிலிருந்து எத்தனை நிமிட நடை, கார் வீட்டுவாசல்வரை வருமா, மே மாதக் கோடை விழா நாள்களில் வாடகை என்ன என்பதெல்லாம் அழைக்காமலே தெரிய வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தியெடுத்த குழந்தையோடு வருகிறவரிடம் வாசலில் வைத்துப் புதிய விலை சொல்வது கொடுமை. கனமழையில் மலைப்பாதை மூடப்பட்டால் முன்பணம் திரும்புமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

இனி, பிறர் வாயால் வரும் விளம்பரம். இலவசமாக ஒரு ஜோடி கொலுசு கொடுத்தாலும் அது கூலிதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளும், அரசு 2023 ஜனவரியில் தந்த விளக்கமும் அந்தத் தொடர்பைச் சொல்லச் சொல்கின்றன. வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும், வீடியோ பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழில் பேசிவிட்டு இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒளித்துவைப்பது கணக்கில் வராது. "இது விளம்பரம், கொலுசைக் கடையில் இலவசமாகக் கொடுத்தார்கள்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் முடிந்தது. ஏமாற்று விளம்பரத்துக்கு ஆணையம் முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். செவ்வாய்ப்பேட்டையின் ஒரு சிறு பட்டறைக்கு அது பட்டறையின் விலை.

கூகுள் மதிப்புரைக்கும் இதே நியாயம். ஐந்து நட்சத்திரத்துக்குத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது. மகிழ்ந்தவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதையும் கூகுள் தடுக்கிறது. கல்லாவில் க்யூஆர் கோடு ஒட்டி எல்லோரையும் கேளுங்கள். ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் இரண்டு நாளுக்குள் பதில் எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்கிறோம், யாரை அழைக்க வேண்டும். வாடிக்கையாளரின் எண்ணையோ பில்லையோ பொதுவில் போடாதீர்கள். கோபத்தில் எழுதிய பதிலைத்தான் அடுத்த நூறு பேர் படிப்பார்கள்.

வாட்ஸ்அப்தான் சிறு வணிகத்தின் உண்மையான கடைவீதி. அங்கேதான் அத்துமீறலும் அதிகம். வாங்கியவர்களையெல்லாம் கேட்காமல் ஒரு குழுவில் சேர்த்தால் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்கள் அதிகம் வாங்கும் பொருளில் இது வெறும் தொல்லை இல்லை, ஆபத்து. அதற்குப் பதில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கே செய்தி போகும். இந்தத் தடையை நான் நல்ல தடை என்றே நினைக்கிறேன், வேண்டாதவருக்குப் போகாது. பில்லில் தனியாக ஒரு கட்டம் போட்டு "புது வரவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். டெலிவரிக்குக் கொடுத்த எண் விளம்பரத்துக்குக் கொடுத்த எண் ஆகாது. சம்மதம் தந்த தேதியைக் குறித்துவையுங்கள். "வேண்டாம்" என்று ஒருவர் அனுப்பினால் அன்றே நீக்குங்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்குப் 18 மாத அவகாசம் இருக்கிறது, பழகிக்கொள்ள அது போதும். எண்களை மொத்தமாக விலைக்கு வாங்கி அனுப்பினால் ஆள்கள் பிளாக் செய்து புகார் தருவார்கள், கடையின் எண்ணே முடங்கும். பதினைந்து வருடம் விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணாக அது இருந்தால் நஷ்டத்துக்கு அளவில்லை.

இணைய மேடைகள் மாறுவதும் மூடுவதும் இனி வழக்கம். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் தடையானபோது அதில் சேர்த்த கூட்டம் ஒரே இரவில் போனது. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணிநேரம் படுத்தன. கூகுள் தன் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்திருந்த இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடியது. எனவே அசல் படங்கள், சம்மதம் தந்தவர் பட்டியல், சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி ஆகியவை உங்கள் கையில் இருக்க வேண்டும். கணக்கு யார் மெயிலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அண்ணன் மகன் படிக்கும்போது திறந்துகொடுத்த பக்கம், அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் கடவுச்சொல் இல்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. உரிமையாளர் மெயிலில் கணக்கு, இரண்டு நிர்வாகிகள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். "பதிப்புரிமை மீறல், 24 மணிநேரத்தில் பக்கம் முடக்கப்படும்" என்று வரும் செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். பெரும்பாலும் அது திருட்டு.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் போட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 3,540. பன்னிரண்டு ஆர்டர் வந்தால் ஓர் ஆர்டருக்கு 295. படத்தை நம்பி வாங்கிய இருவர் "படத்துல வேற மாதிரி இருந்துச்சு" என்று திருப்பினால் மிச்சம் பத்துக்கு 354 வீதம், போகவர கூரியர் தனி. ஒரு பொருளில் நிற்கும் லாபம் 400 என்றால் கையில் மிஞ்சுவது 46. கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் ஆடியில் எல்லாக் கடையும் இணைய விளம்பர இடத்துக்கான ஒரே ஏலத்தில் நின்று விளம்பர விலையை ஏற்றிவிடும், அப்போது அந்த 46-உம் இருக்காது. அந்த நெருக்கடியில்தான் "இன்னும் 2 பீஸ் மட்டுமே" என்ற கூச்சல் வருகிறது. உள்ளே நாற்பது பீஸ் இருக்கும். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் நெறிமுறைகள் பட்டியலிட்ட பதின்மூன்று ஏமாற்று உத்திகளில் இந்தப் போலி அவசரமும் ஒன்று.

சரக்கு உண்மையிலேயே தீர்ந்தால் அன்றே நான்கு இடத்தில் கை வைக்க வேண்டும்: ஓடும் விளம்பரத்தை நிறுத்துவது, வாட்ஸ்அப் கேட்டலாகில் அந்தப் பொருளை மறைப்பது, கூகுள் பக்கத்தில் எடுப்பது, பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைத்த பதிவை இறக்குவது. விளம்பரத்தை மறந்தால் இல்லாத பொருளுக்குப் பணம் ஓடிக்கொண்டிருக்கும், கேட்பவரிடம் மட்டமான மாற்றுச் சரக்கைத் தள்ளிவிடும் சபலம் கடைக்காரருக்கு வரும். தோட்டத்துக் காப்பி தீர்ந்துவிட்டால் "இந்த வருஷக் காப்பி முடிஞ்சிருச்சுங்க, அடுத்த அறுவடை வந்ததும் சொல்றோம், உங்க நம்பரைக் குறிச்சு வெச்சுக்கலாமா?" என்று அனுப்புங்கள். சரி என்றவர்களை மட்டும் எழுதிவைத்து, புதுக் கொட்டை வறுத்த அன்று அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.