மீன் வியாபாரம் என்று எழுதினேன்

அந்தப் படிவத்தில் 'மீன் வியாபாரம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தது நான்தான். அந்த அக்கா ஒருநாளும் கூடை தூக்கி மீன் விற்றவரில்லை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வடசென்னை மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியிருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எண்ணூரில் வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தொழில்க்கா?"

"எறா தடவறது."

"படகா, வலையா?"

"கைதாம்மா" என்று இரண்டு கையையும் நீட்டினார். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நக இடுக்கில் கறுப்பு போகவில்லை.

பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற வேலை. படிவத்திலோ படகு உரிமையாளர், படகுத் தொழிலாளி, மீன் வியாபாரம், மற்றவை, அவ்வளவுதான். 'மற்றவை'யில் விழுகிற பெயரை அலுவலகத்தில் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

"நான் எப்பம்மா மீன் வித்தேன்?"

"இப்படிப் போட்டாதான்க்கா அரிசி வரும்."

சரி என்று கையெழுத்துப் போட்டார். அரிசியும் வந்தது. அவர் சம்மதத்தோடுதான் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அரிசியைக் காட்டிக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

அரசு 2,301 குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் 787 படகுகளுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. படகுக்குப் பதிவு எண் உண்டு, எண்ணிவிடலாம். சேற்றில் கைவிடுகிறவருக்கு என்ன எண்? மீன் வியாபாரி என்றால் ஆறு கெட்டாலும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சரக்கெடுத்து விற்கலாம். இவருக்கு அந்தச் சேறுதான் கடல், கடை எல்லாம். நான் மாற்றி எழுதியதில் அவர் இழப்பே வேறொன்றாகிவிட்டது. எங்கள் அறிக்கையில் கையால் இறால் பிடிப்பவர் ஒருவர்கூட இல்லை.

சமூகப் பணிப் படிப்பில் மனிதரைச் சூழலோடு சேர்த்துப் பார் என்று முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். சூழல் என்றால் குடும்பம், அக்கம்பக்கம் என்று எழுதி நல்ல மார்க்கே வாங்கினேன். ஆற்றுச் சேறு அதில் வரவில்லை.

மறுபடி அதே வாசலில் நின்றாலும் டிக் அங்கேதான் விழும் என்று தோன்றுகிறது. பசியோடு இருப்பவரிடம் கட்டம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வர முடியாது. ஆனால் பக்கத்திலேயே 'கையால் இறால்' என்று பேனாவால் எழுதியிருக்கலாம். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பையன் அதைத் தட்டியிருக்க மாட்டான், தெரியும். படிவத்தின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் காலியாகத்தான் இருந்தது.